தலையில் சூடிய ஊமத்தை



ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் நான்காம், ஐந்தாம் படிவத் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "அண்ணே, சிவனே கஞ்சா அடிக்கிறாருன்னு சொல்றாங்க. நம்ம முனியாண்டிக்கு சுருட்டும் சம்சுவும் வெச்சுப் படைக்கிறோம். சாமிக்குச் சரின்னா நமக்கு மட்டும் ஏன் தப்பு?" சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். ஆனால் கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை. டீ சட்டையில் சிலும்பியோடு சிவன் படம் போட்டுக்கொண்டு வருகிறவனுக்கும், படையல் முடிந்ததும் பாட்டிலை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போகிறவனுக்கும் மனசுக்குள் இதே வாதம்தான் ஓடுகிறது.

"பாவம்டா, வாயை மூடு" என்று சொல்லி அனுப்பிவிடலாம். அது பதில் ஆகாது. நான் பொறியியல் படிக்கிறவன். ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதைத் தொடாதே என்று எங்கள் பட்டறையில் சொல்வார்கள். அதனால் முதலில் செடி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம், பிறகு சாமியிடம் வருவோம்.

செடி யாருக்காகச் செய்கிறது?

செடிக்குக் கால் இல்லை. புழு வந்தால் ஓட முடியாது, ஆடு வந்தால் முட்ட முடியாது. அதனால் அது தன் உடம்பிலேயே மருந்துக் கூடம் வைத்திருக்கிறது. புகையிலைச் செடி நிக்கோட்டினை வேரில் தயாரித்து இலைக்கு அனுப்புகிறது. இலையைப் புழு கடித்தால் இன்னும் அதிகமாகத் தயாரிக்கிறது. நம் ஊர் விவசாயிகள் புகையிலையை ஊறவைத்து அந்தத் தண்ணீரைப் பூச்சிக்கு அடித்ததும் இதனால்தான். காப்பிச் செடியின் இலையிலும் கொட்டையிலும் இருக்கும் காஃபீன் பூச்சிக்கு விஷம். அதே காப்பிச் செடியின் பூவில் தேனோடு மிகக் கொஞ்சமாக அதே காஃபீன் இருக்கிறது. அது தேனீக்குப் பூவின் வாசனையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள உதவுகிறது என்று 2013-இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஒரே பொருள். இலையில் விரட்டுகிறது, பூவில் அழைக்கிறது. அளவுதான் வித்தியாசம்.

ஆக, எந்தச் செடியும் மனிதன் மயங்க வேண்டும் என்று எதையும் செய்யவில்லை. அது தன் பிழைப்பைப் பார்க்கிறது. பூச்சியின் நரம்பும் நம் நரம்பும் பல இடங்களில் ஒரே மாதிரியான சாவிக்குத் திறக்கின்றன. அதனால் பூச்சிக்கு வைத்த மருந்து நம்மையும் தொடுகிறது. "இயற்கைதானே அண்ணே, இலைதானே" என்று சொல்லும் தம்பிகள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை என்ற சொல்லுக்கு உனக்கு நல்லது என்று அர்த்தம் இல்லை.

உள்ளே இருக்கும் ஆனந்தம்

1964-இல் இஸ்ரேலில் ரஃபாயேல் மெக்கூலம் என்ற விஞ்ஞானியின் குழு கஞ்சாவில் மயக்கம் தரும் பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தது. அதன் பெயர் டிஎச்சி. பிறகு ஒரு கேள்வி வந்தது. மனித மூளையில் கஞ்சாவுக்கு என்று ஒரு பூட்டு ஏன் இருக்க வேண்டும்? மனிதன் கஞ்சாவோடு பிறக்கவில்லையே? அப்படியென்றால் அந்தப் பூட்டுக்கு உரிய சொந்தச் சாவி உடம்புக்குள்ளேயே இருக்க வேண்டும். தேடினார்கள். 1992-இல் கிடைத்தது. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? அனந்தமைடு. நம் சமஸ்கிருதச் சொல்லான ஆனந்தம் என்பதிலிருந்து எடுத்த பெயர்.

நம் பெரியவர்கள் ஆனந்தம் உள்ளே இருக்கிறது என்று சொன்னது ஆன்மாவைப் பற்றி. அதை இந்த ரசாயனத்தோடு போட்டுக் குழப்பிவிட வேண்டாம். ஆனால் இவ்வளவாவது தெரிந்துகொள்ளலாம்: வெளியிலிருந்து வரும் செடி எந்தப் புது இன்பத்தையும் கொண்டு வருவதில்லை. நம் வீட்டுப் பூட்டைக் கள்ளச் சாவி போட்டுத் திறக்கிறது, அவ்வளவுதான்.

கள்ளச் சாவியால் என்ன கெடுதல்? குளிர்சாதனப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 24 டிகிரி என்று வைத்தால் அறை சூடானதும் அது வேகமாக ஓடும், குளிர்ந்ததும் அடங்கும். இதை நாங்கள் பின்னூட்டக் கட்டுப்பாடு என்று படிக்கிறோம். உடம்பும் அப்படித்தான். ஒருவன் தினமும் வெளியிலிருந்து அந்தப் பூட்டைத் திறந்துகொண்டே இருந்தால், "இங்கே தேவைக்கு மேல் வருது" என்று உடம்பு பூட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, சொந்தச் சாவி தயாரிப்பையும் குறைக்கிறது. முதல் வாரம் ஒரு கோப்பையில் வந்த சுகத்துக்கு ஆறாவது மாதம் நாலு கோப்பை வேண்டும். ஒரு நாள் நிறுத்தினால்? பூட்டும் குறைவு, சாவியும் குறைவு. கை கால் உளைச்சல், தூக்கமின்மை, எரிச்சல். அப்போது அவன் குடிப்பது சந்தோஷத்துக்காக இல்லை, முன்பு சும்மா இருந்தபோது இருந்த நிலைக்குத் திரும்புவதற்காக. இதைத்தான் அடிமைத்தனம் என்கிறோம். கெட்ட பையன், நல்ல பையன் என்ற பேச்சே இதில் இல்லை. கோயிலுக்கு வருகிறவன் உடம்பும் இதே கணக்கில்தான் ஓடும்.

நம் நூல்கள் மறைக்கவில்லை

நம் சமயம் செடிகளின் சக்தியைத் தெரியாதது போல நடிக்கவில்லை. ரிக் வேதத்தின் ஒன்பதாவது மண்டலம் முழுவதும், 114 பாடல்களும், சோமத்தைப் பற்றியவை. அந்தச் செடி எது என்பதில் இன்று வரை அறிஞர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. பிற்காலத்தில் வேள்விகளில் மாற்றுச் செடிகளைப் பயன்படுத்தினார்கள். இதை யோசித்துப் பாருங்கள். சோமச் செடியே தொலைந்து போனது, ஆனால் சமயம் தொலையவில்லை. செடிதான் வழி என்றால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். உபநிடதங்கள் உள்ளே திரும்பிப் பார்க்கச் சொன்னதால் வழி தொடர்ந்தது.

பதஞ்சலி இன்னும் நேர்மையானவர். யோக சூத்திரத்தின் நான்காவது பாதத்தில் முதல் சூத்திரத்திலேயே சித்திகள் பிறப்பால் வரலாம், ஔஷதத்தால் வரலாம், மந்திரத்தால், தவத்தால், சமாதியால் வரலாம் என்று ஐந்து வழிகளைச் சொல்கிறார். ஔஷதம் என்றால் மூலிகை. "பாத்தீங்களா அண்ணே!" என்று ஒரு தம்பி இதைக் கைப்பேசியில் காட்டினான். "ஆறாவது சூத்திரம் வரைக்கும் தள்ளிப் படிடா" என்றேன். அங்கே பதஞ்சலி சொல்வது இதுதான்: இவற்றில் தியானத்தால் பிறந்த மனம் ஒன்றுதான் பின்னால் கசடு சேர்க்காதது. மற்றவற்றில் மிச்சம் தங்கும். அந்த மிச்சத்தைத்தான் மேலே பூட்டுக் கணக்கில் பார்த்தோம்.

நம் தமிழ் மரபிலும் இதே பேச்சுதான். திருக்குறளில் 93-ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை. திருமூலர் திருமந்திரத்தின் முதல் தந்திரத்திலும் கள்ளுண்ணாமை என்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார். சிவானந்தம் என்ற தேறல் இருக்கும்போது இந்தக் கள் எதற்கு என்பது அவர் கேள்வி.

சிவன் வாயில் போட்டாரா?

இப்போது சிவனிடம் வருவோம். தேவாரம் பாடிய மூவரும் சிவன் சடையில் சூடியிருப்பதை வருணிக்கும்போது கொன்றையைச் சொல்வார்கள், எருக்கைச் சொல்வார்கள், மத்தத்தைச் சொல்வார்கள். மத்தம் என்றால் ஊமத்தை. மத்தம் என்ற சொல்லுக்கே மயக்கம், பித்து என்ற பொருளும் உண்டு. ஊமத்தை எவ்வளவு மோசமான செடி என்று தோட்டத்துப் பாட்டிமார்களைக் கேளுங்கள். காயைத் தின்றால் வாய் காயும், கண் மங்கும், ஆளே தெரியாமல் உளறல் வரும், உயிரே போகலாம். எருக்கம்பாலும் விஷம்தான்.

யாரும் வீட்டில் வைக்காத, யாரும் பறிக்காத செடியைச் சிவன் எடுத்துக்கொண்டார். எங்கே வைத்தார்? தலையில். வாயில் இல்லை தம்பிகளே. தலையில் சூடினார்.

இன்னொன்று, ஆலகாலம். பாற்கடலைக் கடைந்தபோது அமுதத்துக்கு முன்னால் விஷம்தான் வந்தது. தேவர்கள் ஓடினார்கள். சிவன் எடுத்தார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அம்பாள் கை வைக்க, கண்டத்தில் நின்றது. பிரதோஷம் தவறாமல் போகிறோமே, அதன் பொருளே இதுதான். விஷத்தை உலகத்தில் இல்லாமல் செய்துவிட முடியாது. அதை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன் ஈசன். அவன் குடித்தான் என்று நாமும் குடிக்கப் புறப்படுவது, மாமா மின்சாரக் கம்பியைத் தொடுகிறார் என்று கையுறை இல்லாமல் நாமும் தொடுவது மாதிரி.

ஊமத்தையைச் சரியான இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்றைய மருத்துவமனையே சாட்சி. ஊமத்தை இனத்தில் இருக்கும் அட்ரோபீன் என்ற அதே பொருள்தான், ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறியவர்களுக்கு உயிர் காக்கும் ஊசி. மருந்தடிக்கும் வேலை பார்த்த அம்மாக்கள் நிறைந்த தோட்டங்களில் வளர்ந்த நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. அளந்து கொடுக்கத் தெரிந்த கையில் அது மருந்து. நண்பன் வீட்டுப் பின்கட்டில் அது விஷம்.

முனியாண்டி படையல்

முனியாண்டி விஷயத்தை மழுப்பக் கூடாது. எங்கள் தோட்டம் ரந்தாவ் பக்கம். முன்பு ரப்பர், இப்போது செம்பனை. எல்லையில் அரசமரத்தடியில் முனியாண்டி. நெகிரி செம்பிலானில் லிங்கி, சிலியாவ், லாபு, பகாவ் என்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இப்படி ஒரு காவல் தெய்வம் நிற்பார். காட்டை அழித்து மரம் நட்ட காலத்தில் பாம்பு, காய்ச்சல், இருட்டு. விடிவதற்கு முன்னால் பிரட்டுக்கு நின்று, வெட்டுக் காட்டுக்குத் தனியாகப் போன சனங்களுக்குத் துணை அவர்தான். அந்தச் சனங்கள் தங்களிடம் இருந்ததை அவருக்கு வைத்தார்கள். கோழி இருந்தது, கோழி வைத்தார்கள். சுருட்டு இருந்தது, சுருட்டு வைத்தார்கள். இதைக் கேவலமாகப் பேசும் உரிமை நம் யாருக்கும் இல்லை.

ஆனால் ஒன்றை எங்கள் தோட்டத்துப் பூசாரித் தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "தாத்தா, படைச்ச சம்சுவ என்னா செய்வீங்க அந்தக் காலத்துல?"

"மரத்தடியில ஊத்திருவோம்யா."

"குடிக்க மாட்டீங்களா?"

"குடிக்கிறவன் குடிப்பான், அது வேற. சாமிக்கு ஊத்தினத நாம குடிச்சா அதுக்குப் பேரு படையல் இல்லப்பா, பந்தி."

எனக்கு இது பெரிய உபதேசம். படைப்பது என்றால் விடுவது. எனக்குப் பிரியமானதை, என்னைப் பிடித்து வைத்திருப்பதை, "இது இனி உன்னுது" என்று கொடுத்துவிடுவது. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக் குடிப்பதற்குச் சாமி எதற்கு நடுவில்?

தாத்தா பாட்டிகள் போட்ட சண்டை

இந்தப் பிரச்சினை புதுசும் இல்லை. அன்று மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை சட்டப்படியே நடந்தது. தென்னம்பாளையிலிருந்து இறக்கும் பதநீர் இனிப்பானது. காற்றில் இருக்கும் நுண்ணுயிர் சேர்ந்தால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கூலி ஒரு கையில் வரும், மறு கையில் கடைக்குப் போகும். வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் காத்திருப்பார்கள்.

நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்து வைத்த கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடையை மூடு என்பது. 1946, 47-இல் கெடாவில் பீடோங் பக்கம் ஏ.எம். சாமியின் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். பள்ளிக்கூடமே அதிகம் பார்க்காத இளைஞர்கள் அவர்கள். தங்களை அடக்கி வைப்பது தண்டலும் துரையும் மட்டும் இல்லை, இந்தப் புட்டியும்தான் என்று கண்டுகொண்டார்கள். நாம் பட்டம் வாங்கப் போகிறவர்கள். நமக்கு இது புரியாமல் போகலாமா?

கள்ளுக்கடையின் இடத்துக்கு இன்று வந்திருப்பது கெத்தும் தண்ணீர். கெத்தும் மரம் ருபியேசி என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. காப்பியும் அதே குடும்பம். நம் முருகனுக்கு உகந்த கடம்பும் அதே குடும்பம்! அந்த இலையில் இருக்கும் மித்ராகைனின் அபினி திறக்கும் அதே பூட்டைத் தொடுகிறது. அந்தக் காலத்தில் வெயிலில் வேலை செய்தவர்கள் களைப்புத் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு இலை மென்றார்கள். இன்று அதைக் காய்ச்சி, இருமல் மருந்து கலந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கிறார்கள். 2003 முதல் மித்ராகைனின் 1952 நச்சுப் பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பிடிபட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 4 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கஞ்சா என்றால் இன்னும் மோசம். 200 கிராம் கையில் இருந்தாலே கடத்தல் என்று சட்டம் அனுமானிக்கும். 2023-இல் கட்டாய மரண தண்டனைதான் நீங்கியது, மரண தண்டனை நீங்கவில்லை.

இலையோடு நிற்காமல் பாக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் இளைஞர்களை மட்டும் குறை சொல்வதாக ஆகிவிடும். வெற்றிலைபாக்கைப் புகையிலை இல்லாமல் போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்திருக்கிறது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம்தான் அதிகம், அதுவும் நம் பெண்களிடம். தாம்பூலம் மங்கலம்தான். தட்டில் வைத்து மரியாதையாகக் கொடுப்போம். தினமும் வாயில் அடக்கி வைப்பதை அப்பத்தாக்களிடம் அன்பாகப் பேசிக் குறைப்போம். தட்டில் இருக்க வேண்டியது தட்டில், தலையில் இருக்க வேண்டியது தலையில்.

ஒரு தம்பிக்காக

எங்கள் தோட்டத்தில் 19 வயது தம்பி ஒருவன் இருக்கிறான். செம்பனைக் குலை அறுக்கும் வேலை. இடுப்பு வலிக்கு என்று கெத்தும் குடிக்க ஆரம்பித்தவன், இப்போது அது இல்லாமல் காலையில் எழுந்திருக்க முடிவதில்லை. அவன் அம்மா ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ இஞ்சினியருக்குப் படிக்கிறியே ஐயா, இவன எப்படியாச்சும் நிப்பாட்டச் சொல்லேன்" என்றார். மோட்டார் ரிப்பேர் மாதிரி கேட்கிறாரே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த வருடம் திருவிழாக் கூட்டத்தில் அவன் பெயர் வந்தது. போன வருடம் சாமி பல்லக்குத் தூக்கியவன். "போதைக்காரன் பல்லக்கு தூக்கக் கூடாது, சாமி குத்தம்" என்று சிலர் சொன்னார்கள். கோபம் நியாயமான கோபம்தான். ஆனால் நான் எழுந்து ஒன்று கேட்டேன்: "ஊமத்தையையே தலையில வெச்சுக்கிட்ட சாமி, இவன எங்க வெப்பாரு?" கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் அன்று மாலை குடிக்காமல் வந்தால் தூக்கட்டும், துணைக்கு இரண்டு பேர் கூட இருக்கட்டும் என்று முடிவானது. அது முழுத் தீர்வு இல்லை என்று எனக்கும் தெரியும். மறுவாரம் அரசாங்கக் கிளினிக்குக்கு அவனோடு போனோம். திடீரென்று ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி யாரும் மிரட்டவில்லை. மருத்துவர் பார்க்கிறார். சில நாள் நன்றாக இருக்கிறான், சில நாள் விழுகிறான். விழுந்த நாளிலும் கோயிலுக்கு வரலாம் என்று அவனுக்குத் தெரியும்.

கட உபநிடதம் உடம்பைத் தேர் என்கிறது. புலன்கள் குதிரை, மனம் கடிவாளம், புத்தி சாரதி. குதிரை மிரண்டால் தேரை எரிக்கச் சொல்லவில்லை. சாரதியை எழுப்பச் சொல்கிறது. தூங்கும் சாரதியை எழுப்புவதற்குத்தான் சங்கம், வகுப்பு, கோயில் எல்லாம்.

அதனால் இந்த ஆடி மாதம் மூன்று காரியம் செய்வோம். ஒன்று, உங்கள் தோட்டத்துக் கோயிலில் சாமிக்கு வைத்த புட்டி யார் கைக்கும் திரும்பாமல், பூசாரி முன்னிலையில் மண்ணுக்கே போகட்டும். பெரியவர்களிடம் சண்டை வேண்டாம். பழைய முறையே அதுதான் என்று பணிவாகச் சொல்லுங்கள். இரண்டு, சிலும்பிச் சிவன் சட்டையைக் கழற்றிவிட்டு, அதே பிரதோஷத்தன்று மாலை ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து ஐந்தெழுத்தைச் சொல்லிப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் கஷ்டமாகத்தான் இருக்கும். சொந்தச் சாவி மெதுவாகத்தான் திரும்பும். மூன்று, உங்கள் லயத்தில், உங்கள் தாமானில் இப்படி ஒரு தம்பி இருந்தால் அவனை ஒதுக்காதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். 1983-ஆம் ஆண்டு போதைப் பழக்கத்தினர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தில் தானாக முன்வந்து சிகிச்சை கேட்க வழி இருக்கிறது. தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏஏடிகே அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். தனியாகப் போக அவனுக்குப் பயமாக இருக்கும். நீங்கள் கூடப் போங்கள்.

செடி மேல் குற்றம் இல்லை, அதைப் படைத்தவன் மேலும் இல்லை. அதற்கு எந்த இடம் என்று தெரிந்துகொள்ளும் அறிவை மட்டும் அவன் நம்மிடம் விட்டிருக்கிறான். அந்த அறிவை எல்லாருக்கும் நீலகண்டன் அருளட்டும்.

திருச்சிற்றம்பலம்.